பெரிய வீட்டு அறிவிப்பு சர்வருக்கு வரம்பு வைப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு நாலைந்து சென்சார்களே நல்ல காவல். முகப்புக் கதவு திறந்தாலோ, மாடித் தொட்டி நிரம்பினாலோ, கரண்ட் போனாலோ சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளின் போனுக்குத் தகவல் போய்விடும். இதற்கு நான் பரிந்துரைப்பது நோட்டிஃபை என்ற கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் என், டி, எஃப், ஒய் என்று நான்கே எழுத்துகள். அதை நிறுவி, போனில் ஒரு சோதனைச் செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஒருவர் இத்தனை செய்திதான் அனுப்பலாம் என்ற வரம்பு எதற்கு? தொட்டியில் தண்ணீர் அலையும்போது மிதவை சுவிட்ச் மாறி மாறி விழும். ஒவ்வொரு முறையும் ஒரு செய்தி. நூறு "தொட்டி நிரம்பியது" நடுவே ஒரே ஒரு "கதவு திறந்தது" வந்தால் யார் கண்ணிலும் படாது.

பலரும் நேராக எண்களில் கை வைக்கிறார்கள். அதற்கு முன்னால், சர்வர் யாரை "ஒருவர்" என்று எண்ணுகிறது என்பதைச் சரிசெய்ய வேண்டும். நகரத்தார் கோயில் வரி புள்ளிக் கணக்கு (மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி): ஒரே வீட்டில் நான்கு புள்ளி இருந்தால் நான்கு வரி. நோட்டிஃபை தானாக எண்ணுவது புள்ளியை அல்ல, வீட்டை. அதாவது ஐபி முகவரியை. சர்வர் வெளியே வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், வீட்டிலுள்ள எல்லா சென்சார்களும் ஒரே ரவுட்டர் வழியாக ஒரே முகவரியில்தான் வரும். தொட்டி பொங்கி வரம்பைத் தின்றுவிட்டால், கதவின் செய்தியையும் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். வரம்பே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

(வாடகை சர்வர் எதற்கு என்றால், கரண்ட் போனால் வீட்டுக்குள் இருக்கும் சர்வரும் சேர்ந்தே போகும். ரவுட்டருக்கும் சென்சாருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும்.)

சரி, வேலையைத் தொடங்கலாம். ஆங்கிலத்தில் தட்ட வேண்டிய பெயர்களை உச்சரிப்பில் தருகிறேன். நடுவில் வரும் கோடு ஹைஃபன்.

படி 1: ப்ராக்ஸியைச் சொல்லுங்கள்

ஈடிசி ஃபோல்டருக்குள் நோட்டிஃபை ஃபோல்டர், அதில் சர்வர் டாட் ஒய்எம்எல் என்ற ஃபைல். நோட்டிஃபைக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி போன்ற ப்ராக்ஸி (வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே கொடுக்கும் இடைநிலை மென்பொருள்) ஓடினால், இந்த வரி கட்டாயம்:

பிஹைண்ட்-ப்ராக்ஸி: ட்ரூ

இது இல்லாவிட்டால் உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் எல்லாரும் ப்ராக்ஸியின் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். ஒரு முகவரிக்கு ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய சந்தா இணைப்புகள் (செய்திக்காகக் காத்திருக்கும் போன்களின் இணைப்புகள்) இயல்பாக 30தான். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லாரும் ஊருக்கு வந்து ஒரே வைஃபையில் இருக்கும்போது அதுவே நெருக்கலாம். விசிட்டர்-சப்ஸ்க்ரிப்ஷன்-லிமிட் என்ற வரியில் கூட்டிக்கொள்ளுங்கள். ப்ராக்ஸி இல்லாத சர்வரில் மட்டும் பிஹைண்ட்-ப்ராக்ஸி வரியைப் போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் பொய் முகவரி சொல்லி வரம்பைத் தாண்டிவிடலாம்.

படி 2: சென்சாருக்கு ஒரு பயனர்

முதலில் அதே ஃபைலில் ஆத்-ஃபைல் என்ற வரியில் பயனர் தரவுத்தளம் இருக்கும் இடத்தைக் கொடுத்து, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். டியர் என்பது பயனருக்குத் தரும் வரம்புத் தொகுப்பு; இங்கே அதற்கு 'சென்சார்' என்று பெயர் வைக்கிறோம். அப்புறம் டெர்மினலில்:

நோட்டிஃபை டியர் ஆட் --மெசேஜ்-லிமிட்=200 சென்சார்
நோட்டிஃபை யூசர் ஆட் தொட்டி
நோட்டிஃபை யூசர் சேஞ்ச்-டியர் தொட்டி சென்சார்

பயனர் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். கதவுக்கும் கரண்டுக்கும் கடைசி இரண்டு வரிகளைத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். டியர் இல்லாத பயனர் லாகின் செய்து வந்தாலும், வரம்புக் கணக்கில் அவர் ஐபி முகவரிதான். டியர் கொடுத்த பிறகே அவர் தனிப் புள்ளி. சென்சார் ஒவ்வொரு செய்தியோடும் தன் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது தொட்டி தன் 200 செய்தியைக் காலையிலேயே தீர்த்தாலும் கதவின் 200 அப்படியே இருக்கும். இந்தக் கணக்கு உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் புதிதாகும். நமக்கு அது காலை 5.30.

படி 3: மற்றவர்களுக்கு எண்கள்

டியர் இல்லாத போன்களுக்கும் வெளியாட்களுக்கும் இரண்டு வரிகள்:

விசிட்டர்-ரிக்வெஸ்ட்-லிமிட்-பர்ஸ்ட்: 60
விசிட்டர்-ரிக்வெஸ்ட்-லிமிட்-ரீப்ளெனிஷ்: "5எஸ்"

இவை இயல்பு எண்கள். கையில் 60 கோரிக்கை இருக்கும்; செலவானால் 5 விநாடிக்கு ஒன்று திரும்பும், நிமிடத்துக்கு 12. முழுவதும் காலியானால் நிறைய 5 நிமிடம் ஆகும். ஒரு குடும்ப சர்வருக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நாள் முழுதுக்கும் கூரை வேண்டுமென்றால் விசிட்டர்-மெசேஜ்-டெய்லி-லிமிட்: 500 என்று சேர்க்கலாம்.

விசிட்டர்-ரிக்வெஸ்ட்-லிமிட்-எக்ஸெம்ப்ட்-ஹோஸ்ட்ஸ் என்ற வரி, குறிப்பிட்ட முகவரிகளுக்குக் கோரிக்கை வரம்பிலிருந்து விலக்குத் தரும். வீட்டு முகவரியை அதில் போடாதீர்கள். அங்கே எழுதும் பெயர்களை சர்வர் தொடங்கும்போது ஒருமுறைதான் முகவரியாக மாற்றிப் பார்க்கும்; பிராட்பேண்ட் முகவரி மாறினால் விலக்கு வேறு யாருக்கோ போய்விடும்.

படி 4: சோதனை

சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நோட்டிஃபை என்று சர்வரை மறுபடி தொடங்குங்கள். கர்ல் கட்டளையை (டெர்மினலிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்புவது) ஒரு லூப்பில் போட்டு, பயனர் பெயர் கொடுக்காமல், சோதனைக்கென்று வைத்த தனி டாபிக்குக்கு (செய்திகள் போய்ச் சேரும் தலைப்புக்கு) 80 செய்தியை வேகமாக அனுப்புங்கள். அறுபதைத் தாண்டியதும் 429 (வரம்பு தாண்டிவிட்டது) என்ற பதில் வரத் தொடங்கும். அது வந்துகொண்டிருக்கும்போதே, வேறு டெர்மினலிலிருந்து கதவுப் பயனராக ஒரு செய்தி அனுப்புங்கள். அது போனில் விழுந்தால் அமைப்பு சரி. அதற்கும் 429 வந்தால் படி 2-இன் மூன்றாவது வரியைத் திரும்பப் பாருங்கள்.

சென்சாரின் நிரலிலும் இரண்டு திருத்தம் வேண்டும்: 429 வந்தால் உடனே மறுபடி அனுப்பாமல் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும், தொட்டியின் நிலை பத்து விநாடி மாறாமல் நின்றால் மட்டுமே செய்தி கிளம்ப வேண்டும்.