மார்கழிப் பயணமா? காற்றையும் பார்த்து டிக்கெட் போடுங்கள்

தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையையோ வயதான பெற்றோரையோ யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போவதென்றால், டிக்கெட் விலைக்கு முன் மாதத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஊருக்குக் கூடுதலாகப் போவது ஆடி, ஆவணியிலும் மார்கழியிலும்தான். இந்த இரண்டு காலத்துக் காற்றும் ஒன்றல்ல.

ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீசுவது தென்மேற்குக் காற்று. இந்து சமுத்திரத்தைக் கடந்து வருவதால் சுத்தமாக இருக்கும். கண்ணில் விழும் புழுதி பெரிய துகள், மூக்கிலேயே தங்கிவிடும். கார்த்திகைக்குப் பிறகு காற்று வடகிழக்காகத் திரும்பும். அப்போது இந்தியப் பெருநிலத்தின் புகையும் வங்காள விரிகுடாவைக் கடந்து வரும். 2.5 மைக்ரோனுக்கும் சிறிய அந்த நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். 2022 டிசம்பர் 8இல் மாண்டஸ் புயல் அந்தக் காற்றை இழுத்துவந்தபோது, மறுநாள் இலங்கை முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடவேண்டி வந்தது.

நல்ல மழை பெய்தால் காற்று கழுவப்படும். மழைவிட்டு, காற்றசையாமல், பனி மூட்டமாக விடியும் நாட்களில்தான் கவனம் வேண்டும். குளிர்ந்த காற்று நிலத்தோடு படிந்திருப்பதால் ஊர்ப்புகை மேலெழாது. அப்படியான நாட்களில் காலை நடையைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள். துணி மாஸ்க் போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும், நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க் கொண்டுபோங்கள்.

போனில் பார்க்கும் காற்றுத்தரக் குறியீட்டு (AQI) எண்ணை நம்பி ஏமாறவேண்டாம். ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால் இந்தியக் குறியீடு 100 என்று காட்டும். ‘திருப்தி’ என்ற வகைக்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150ஐத் தாண்டி, ‘ஆரோக்கியக் கேடு’ என்று சிவப்பில் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவோ 15 மைக்ரோகிராம்தான். ஆகவே மைக்ரோகிராம் எண்ணையே பாருங்கள்.

சென்னை வழியாகப் போகிறவர்கள் போகி விடியலில் அங்கே தங்காமல் இருப்பது நல்லது. பழையன கொளுத்தும் புகை அன்று நகரத்தையே மூடும்.

போன தையில் அம்மாவோடு ஊரில் நின்றபோது, விடியப்புறம் யன்னலைத் திறந்தால் பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக் கொளுத்திய சருகுப்புகை நேரே தலைமாட்டுக்கு வந்தது. ‘மாமி, அம்மாக்கு இழுக்குது, கொஞ்ச நாளைக்குக் கொளுத்தாதேங்கோ’ என்று வேலியால் சொன்னேன். அடுத்த நாள் அவா சருகையெல்லாம் அள்ளித் தென்னம் பாத்திக்குள் தாட்டுவிட்டா.