கச்சா எண்ணெயில் வனேடியம், நிக்கல், இரும்பு: ஐசிபி கருவியில் அளப்பது எப்படி?

ஐசிபி என்பது மாதிரியைப் பிளாஸ்மாச் சூட்டில் தெளித்து, உலோகங்கள் உமிழும் ஒளியைக் கொண்டு அவற்றை அளக்கும் கருவி. அதைப் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீர்க் கரைசல்களுக்குக் கையேடு போதும்; எண்ணெய் என்று வந்தால் அது பாதி வழியில் கைவிட்டுவிடும்.

ஏன் அளக்கிறோம்? வனேடியமும் நிக்கலும் எண்ணெயின் கனமான பகுதியில், பெருமளவு போர்பைரின் என்ற வளைய வடிவ மூலக்கூறுகளாகக் கட்டுண்டு கிடக்கின்றன. கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும் எஃப்சிசி பிரிவுக்குள் போனால் நிக்கல் கோக் என்ற கரிப்படிவையும் ஹைட்ரஜனையும் கூட்டும். வனேடியம், கரியை எரித்து வினையூக்கியைப் புதுப்பிக்கும் ரீஜெனரேட்டரின் சூட்டிலும் நீராவியிலும் வினையூக்கிக்குள் பரவி, அதில் வேலை செய்யும் பொருளான சியோலைட்டின் படிக அமைப்பையே சிதைத்துவிடும். நிக்கலை ஆண்டிமனி சேர்த்து ஓரளவு அடக்கலாம். சிதைந்த சியோலைட்டுக்கு மருந்து கிடையாது, புது வினையூக்கி போட வேண்டியதுதான்.

1. மாதிரியைக் கலக்குங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன, ஆனால் பழி கருவி மேல் விழுகிறது. ஓரிரு நாள் நின்ற பாட்டிலில் துருத் துகளும் உப்புநீர்த் துளிகளும் அடியில் தங்கிவிடும். மேலாக எடுத்தால் சோடியமும் இரும்பும் குறைவாகத் தெரியும், அடியில் எடுத்தால் எகிறும். கனரக எண்ணெயென்றால் மூடியை இறுக்கி 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பாட்டிலில் கால்வாசி வெற்றிடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். விளிம்புவரை நிரப்பிய பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும் உள்ளே எதுவும் அசையாது. குலுக்கியதும் தாமதிக்காமல் எடையிடுங்கள்.

2. ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கிராம் சைலீன் கரைப்பான். பிப்பெட் வேண்டாம், இரண்டையும் தராசில் எடுங்கள். ஹெப்டேனைத் தொடவே தொடாதீர்கள்: எண்ணெயின் மிகக் கனமான பகுதியான ஆஸ்பால்டீன் வீழ்படிவாகி, நீங்கள் தேடும் உலோகத்தையும் அடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஒப்பிட்டுத் திருத்த உதவும் அக ஸ்டாண்டர்டாகக் கோபால்ட்டோ இட்ரியமோ எல்லாக் குப்பிகளிலும் ஒரே அளவில் இருக்கட்டும். எண்ணெய் மாதிரி சேராத வெற்று மாதிரியிலும், அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளிலும் உலோகமில்லாத கனிம எண்ணெயைச் சேர்த்துப் பாகுநிலையைச் சமப்படுத்துங்கள்.

3. பிளாஸ்மாவைப் பச்சை நிறம் பார்த்துச் சரிசெய்யுங்கள். சைலீன் உள்ளே போனதும் கார்பனால் பச்சை ஒளி எழும். அந்தப் பச்சை டார்ச்சின் (பிளாஸ்மா எரியும் குழாய்) வாயை ஒட்டியே நிற்கும்படி வாயு ஓட்டத்தைத் திருத்துங்கள். இன்ஜெக்டர் முனையில் கரி படிந்தால் சிறிது ஆக்சிஜன் சேர்க்கலாம். பம்ப் குழாய் வைட்டான் ரப்பராக இருக்கட்டும். சாதாரண பிவிசி குழாய் சைலீனில் ஊறிப் பருத்து, ஓட்டத்தையே மாற்றிவிடும்.

4. அலைநீளங்கள்: வனேடியத்துக்கு 292.402 நானோமீட்டர், நிக்கலுக்கு 231.604, இரும்புக்கு 259.940. வனேடியத்துக்கு 309.311-ஐப் பலரும் விரும்புகிறார்கள். எனக்குப் பிடிக்காது, பக்கத்திலேயே அலுமினியத்தின் கோடு நிற்கிறது. மெக்சிகோவின் மாயா எண்ணெயில் வனேடியம் 200 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டும், வெனிசுவேலாவின் போஸ்கானில் 1,000-ஐயும் தாண்டும். ஸ்டாண்டர்டுகளை வைத்து வரைந்த அளவுக்கோட்டுக்கு வெளியே போனால் மேலும் நீர்த்துவிட்டு மறுபடி அளவிடுங்கள். கோட்டை நீட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

5. இரும்புக்குக் கிடைத்த அளவை உடனே நம்பாதீர்கள். கரைந்த வனேடியமும் நிக்கலும் சைலீன் வழியில் ஒழுங்காக வரும். இரும்பில் ஒரு பங்கு துருத் துகளாக இருக்கும். பெரிய துகள், கரைசலை நுண்துளியாக்கும் நெபுலைசரைத் தாண்டாது. ஏஎஸ்டிஎம் டி5708 என்ற தரச் சோதனை முறை இரண்டு வழிகளைத் தருவது வீணுக்கல்ல. முதலாவது, இதுபோலக் கரைப்பானில் கரைத்து அளப்பது. இரண்டாவது வழியில் எண்ணெயைக் கந்தக அமிலத்தோடு மெல்லச் சூடாக்கி வற்றவைத்து, 525 டிகிரி மஃபிள் உலையில் சாம்பலாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். நாள் முழுவதையும் விழுங்கும் வேலை, புகைக்கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். இரு வழிகளிலும் வனேடியம் ஒத்துப்போய், இரும்பு மட்டும் சாம்பலில் கூடுதலாக வந்தால் கருவியை நோண்டாதீர்கள்: அந்த இரும்பு குழாயிலிருந்தோ கப்பல் தொட்டியிலிருந்தோ வந்த துருவாக இருக்கலாம். கந்தக அமிலமே இல்லாமல் எரிக்கலாமா என்றால், கூடாது. போர்பைரினில் ஒரு பகுதி புகையோடு போய்விடும்.

பிற்சேர்க்கை: பாதரசத்தையும் இப்படி அளக்கலாமா என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். முடியாது. உலைக்குப் போகுமுன்பே அது ஆவியாகிவிடும். 1973-இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா இயற்கைவாயு ஆலையில் அலுமினிய வெப்பமாற்றியை அரித்தது பாதரசம்தான். அதற்கென்றே உள்ள பகுப்பாய்வுக் கருவி வேண்டும். மாதிரியை இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் எடுத்து, தாமதிக்காமல் அளக்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பி அதற்கு ஆகவே ஆகாது.