வீட்டு இட்லிப் பொடிக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர்: நாமே எடுக்கலாம் வாங்க

எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்; உணவுப் பொருள் விற்க அது தரும் எண்தான் இந்த நம்பர். பொடி, ஊறுகாய், வடகம் என்று வீட்டில் செய்து விற்பவர்களிடம் "அந்த நம்பர் வாங்க எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 2,000 என்பார், இன்னொருவர் 3,500 என்பார். சிறு தொழிலுக்கான பதிவுக்கு நான் அரசுக்குக் கட்டியது வருடத்துக்கு 100 ரூபாய்தான். மிச்சமெல்லாம் நடுவில் இருப்பவர் கூலி. விண்ணப்பம் போடுவது சுலபம். வழுக்கும் இடங்கள் வேறு, அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், பதிவா உரிமமா என்று பாருங்கள். நான் விண்ணப்பித்த 2023இல் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை என்றால் பதிவு, அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம், அதையும் தாண்டினால் மத்திய உரிமம். தயாரிப்பாளர் என்றால் ஒரு நாள் உற்பத்தி 100 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற கணக்கும் அப்போது இருந்தது. விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் உள்ள வரம்பை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொடிக்காரர்களுக்குப் பெரும்பாலும் பதிவே போதும்.

அடுத்து காகிதங்கள். பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஆதார் மாதிரி ஓர் அடையாளச் சான்று, பொடி தயாராகும் இடத்தின் முகவரிச் சான்று. முகவரியை ஆதாரில் இருப்பது போல அல்ல, அடுப்பு எரியும் இடத்தைப் போடுங்கள்.

இனி விண்ணப்பிக்கும் இணையதளம். எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் அதன் பெயர் ஃபாஸ்காஸ். கூகுளில் தேடினால் அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கைப்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு திறந்ததும், மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் 'என்ன வகைத் தொழில்' என்று கேட்கும்.

நான் சறுக்கியது இங்கேதான். கடைகளுக்குப் போட்டு விற்கிறோமே என்று 'சில்லறை விற்பனை'யை அழுத்திவிட்டேன். நாலு நாள் கழித்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "அம்மா, நீங்க அரைக்கிறீங்களா, வாங்கி விக்கிறீங்களா?" அரைக்கிறேன் சார் என்றேன். "அப்ப உற்பத்தின்னு போடுங்க" என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வறுப்பது, அரைப்பது, ஊறப்போடுவது எல்லாமே உற்பத்தி. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்களுக்கு உணவுச் சேவையின் கீழ் தனி வகை இருக்கிறது.

பணம் கட்டியதும் 17 இலக்க விண்ணப்ப எண் வரும், குறித்து வையுங்கள். 7 நாளுக்குள் அதிகாரிகள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், இல்லையென்றால் நேரில் பார்க்க வருவதாகத் தெரிவிக்க வேண்டும். கிடைக்கும் நம்பர் 14 இலக்கம். முதல் எண் 2 என்றால் பதிவு, 1 என்றால் உரிமம்.

என் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். தண்ணீர்க் குடத்துக்கு மூடி இருக்கிறதா, ஜன்னலில் வலை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள் என்று தயாராக இருந்தேன். வந்தவர் கண் நேராகப் போனது, வறுத்த உளுந்தை ஆற வைத்திருந்த இடத்துக்கு. கீழே செய்தித்தாள்! அச்சு மை உணவில் ஏறும், உணவைச் செய்தித்தாளில் வைக்கவோ மடிக்கவோ கூடாது. பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான் ஆற வைக்கிறோம், என்ன செய்ய. இப்போது எவர்சில்வர் தாம்பாளம். கூட வேலை செய்பவர்களுக்கு வருடம் ஒரு முறை மருத்துவச் சான்றும் எடுத்து வையுங்கள்.

நம்பர் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். லேபிள்தான் பெரிய வேலை. பொருளின் பெயர், எடை, தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த தேதி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், வரியோடு சேர்த்த அதிகபட்ச விலை, உங்கள் பெயர் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண், சைவம் என்று காட்டும் பச்சைச் சதுரமும் உள்ளே பச்சை வட்டமும், எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையோடு அந்த 14 இலக்கம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு எழுத வேண்டும். என் பொடியில் உளுந்து முதலில், பெருங்காயம் கடைசியில்.

அந்தப் பெருங்காயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தூள் டப்பாவின் பின்பக்கம் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலானவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அப்படியானால் உங்கள் இட்லிப் பொடியிலும் கோதுமை இருக்கிறது. கோதுமை ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள், லேபிளில் தனியாகச் சொல்லியாக வேண்டும். நிலக்கடலை, முந்திரி சேர்த்தாலும் அப்படித்தான். எனக்கு முதல் ஐந்நூறு ஸ்டிக்கர் இதனால் வீண்.

பாக்கெட் போட்டு விற்பவர்கள் எடையளவுச் சட்டத்தின் கீழும் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைக்கவும் அவர்களிடம்தான் போக வேண்டும். உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். பில் புத்தகம் அடித்தால் அதிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

சான்றிதழை அச்செடுத்து, பொடி அரைக்கும் இடத்திலேயே கண்ணில் படும்படி ஒட்டுங்கள். நான் மிக்ஸிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், காலாவதி தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு.