கைத்துப்பாக்கியை உருவிப் பழகுகிறீர்களா? முடிக்கும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சாஸுக்கு வந்து, கிரீன் கார்டும் கைக்கு வந்த பிறகு நம்மவர்களில் சிலர் கைத்துப்பாக்கி வாங்குகிறார்கள். அது தேவையா இல்லையா என்ற விவாதத்தை அவரவர் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாங்கியாயிற்று, சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லப்போகிறேன், அவசரத்தில் உருவத் தெரிய வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் இது. நண்பர் ஒருவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

சட்டத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் துப்பாக்கி உரிமத்துக்குக் கலெக்டர் அலுவலகப் படி ஏறி இறங்குவதும், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும் நாம் அறிந்தவை. இங்கே கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறினால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து, வேறு சட்டத் தடை இல்லாத 21 வயதுக்காரர் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் எடுத்துவிடுங்கள். மாநில எல்லையைத் தாண்டினால் அதன் அருமை தெரியும். எச்-1பி, எல்-1 (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியோடு தோட்டாவையும் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்று யாராவது சொன்னால், அலுவலக நண்பர் பேச்சை நம்பி இறங்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். மீறினால் 15 ஆண்டு வரை சிறை.

இனி பயிற்சி. பொதுத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடங்களில் பலவற்றில் உறையிலிருந்து உருவிச் சுட அனுமதி கிடையாது. எனவே எல்லோரும் வீட்டில்தான் பழகுகிறார்கள், தோட்டா இல்லாமல் வெறும் விசையை இழுத்து. அதில் தவறில்லை. நல்ல பயிற்றுநர்களே அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் முதல் பாடத்தை வீடியோ பார்த்துக் கற்காதீர்கள். ஒரு நாள் வகுப்புக்குப் பணம் கொடுத்துப் போங்கள்.

தோட்டாவை நீக்குவதில் வரிசை முக்கியம். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்லைடை இழுத்ததும் உள்ளே இருந்த தோட்டா வெளியே தெறிக்கும். கையை விட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, காலியாகிவிட்டது என்று நினைப்பவரை என்னவென்று சொல்வது? ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைத்து, வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். தோட்டாக்கள் அத்தனையும் வேறு அறைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது சுவர். நம் ஊர்ச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்குள்ள அடுக்குமாடி வீட்டின் உட்சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கித் தோட்டா அதைச் சர்வ சாதாரணமாகத் துளைத்துப் போகும். துப்பாக்கி காலியாக இருந்தாலும், தோட்டாவைத் தாங்கக்கூடிய ஒன்றை நோக்கியே பழக வேண்டும்.

உருவும்போது இடது கை சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடிக்கட்டும். வலது கை உறைக்குள்ளேயே முழுப்பிடி பிடிக்கட்டும். நேர் மேலே எடுத்து, முனையை இலக்கை நோக்கித் திருப்பி, இரண்டு கையும் மார்பருகே சேர்ந்து முன்னே நீள வேண்டும். இடது கை எந்தக் கணத்திலும் குழல் முனைக்கு எதிரே வரக் கூடாது. குறி இலக்கின் மேல் நிற்கும்வரை ஆள்காட்டி விரல் விசையைத் தொடாமல் பக்கவாட்டில் படிந்திருக்கட்டும். வேகம் பிறகு வரும். திரும்ப உறையில் வைப்பதில் யாருக்கும் பரிசு கிடையாது: குனிந்து பார்த்து, சட்டை நுனியோ குளிர் ஜாக்கெட்டின் நாடாவோ உள்ளே சிக்கவில்லை என்று உறுதி செய்து, மெதுவாக வையுங்கள். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறைதான் வேண்டும். விலை குறைவு என்று வாங்கும் தொளதொள துணி உறை மடிந்து விசையையே அழுத்திவிடும்.

இவ்வளவையும் என் நண்பர் ஒழுங்காகச் செய்தவர். அதுதான் எனக்கு ஆறவில்லை. மேகசினைக் கழற்றினார், விரலை விட்டுப் பார்த்தார், தோட்டாப் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு வந்து பழகினார். முடித்துவிட்டு, தோட்டா ஏற்றி, இடுப்பு உறையில் வைத்து, வெளியே கிளம்ப ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தார். இந்த ஜாக்கெட்டோடு உருவ வருகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்க்கலாமே என்று தோன்றியிருக்கிறது. உருவினார், குறி வைத்தார், விசையை இழுத்தார்.

கண்ணாடி நொறுங்கி, உள்ளே தொங்கிய சட்டைகளைத் துளைத்து, சுவரையும் தாண்டி, பக்கத்து வீட்டுச் சமையலறை அலமாரியில் போய் நின்றது தோட்டா. நல்லவேளை, அந்த வீட்டில் அப்போது ஆள் இல்லை. நான் போனபோது கட்டில், தலையணை எல்லாம் வெள்ளைப் பொடி. சுவரில் இருந்த ஓட்டை என் சுண்டுவிரல் நுழையும் அளவுதான்.

போலீஸ் வந்தது, கைது செய்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகர எல்லைக்குள் பொறுப்பற்று சுடுவது டெக்சாஸில் ஒரு வருடம் வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம். வழக்கு கடைசியில் தள்ளுபடியானது. அதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், வழக்கறிஞர் செலவு சேமிப்பைத் தின்றுவிட்டது. குடியுரிமைக்கான என்-400 படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்கும். தள்ளுபடியானாலும் ஆம் என்று எழுதித்தான் தீர வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனையே உறுதியாகியிருந்தால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்த வழி உண்டு. பிறந்து வளர்ந்த அமெரிக்கனுக்கு அபராதத்தோடு போவது நமக்கு விமான டிக்கெட்டில் முடியும்.

இது பயிற்றுநர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆபத்து. உருவு, இழு என்று கை வெகுநேரம் பழகியிருக்கிறது; ஒவ்வொரு முறையும் டிக் என்ற சத்தம்தான். தோட்டா ஏற்றியது மனதில் பதிவதற்குள் கை தன் பழக்கத்தைச் செய்துவிடுகிறது. ஆகவே பயிற்சியை முடிப்பதற்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். இலக்குத் தாளைக் கழற்றுங்கள். பயிற்சி முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனைவி சிரித்தால் சிரிக்கட்டும். துப்பாக்கியைக் காலியாகவே பூட்டிவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். தோட்டா ஏற்றுவது பிறகு, வேறு இடத்தில். ஏற்றிய பிறகு அன்றைக்கு உருவல் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. பத்து நிமிடப் பயிற்சி போதும். களைத்த கை கவனத்தையும் தொலைக்கும்.

என்னைக் கேட்டால், உருவிப் பழகுவதற்கு உங்கள் துப்பாக்கியின் அச்சில் வார்த்த நீல நிறப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வாங்குங்கள். அதே உறையில் கச்சிதமாக உட்காரும், சுடவே சுடாது. நண்பர் இப்போது அதில்தான் பழகுகிறார்.

பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கும் எச்-1பிக்காரர்களுக்குச் சொன்ன அதே தடை பொருந்தும்; துப்பாக்கிப் பெட்டிப் பூட்டின் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள். ஊருக்குப் போகும்போது எச்-1பி நண்பர் வீட்டில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போவது அவரை ஜெயிலில் தள்ளும் உபகாரம். பயிற்சியின்போது கழற்றிய தோட்டாவை ஜாக்கெட் பையிலோ முதுகுப்பையிலோ போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அந்தப் பையோடு இந்திய விமான நிலையத்தில் இறங்கினால், மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கும் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். பெட்டி கட்டும் முன் பையின் எல்லா அறைகளையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிடுங்கள்.