பழைய அம்பாசிடரில் சார்ஜிங் ஒயர் தீப்பிடிக்காமல் இருக்க

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலைக்கு ஆல்டர்னேட்டர் மாட்டிய அம்பாசிடரா? பானெட்டைத் திறந்து தடித்த பழுப்பு ஒயரைத் தேடுங்கள். பிரிட்டிஷ் வழிவந்த வண்டிகளில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் லைன். அது எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சாவியை எடுத்தாலும் நிற்காது.

லூகாஸ் சி40 டைனமோ தந்தது 22 ஆம்பியர். இப்போது மாட்டும் 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 தரும். ஆம்பியர் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. அதனால் பழைய ஒயரையே விட்டுவைத்தால் முன்பைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சூடேறும்.

1. பேட்டரியைக் கழற்றுங்கள். பிளஸ் எர்த் வண்டியா, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மைனஸ் எர்த் ஆல்டர்னேட்டரை அதில் மாட்டினால் டயோடு போய்விடும்.

2. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பேட்டரி பிளஸுக்கு நேராக 10 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் இழுங்கள். வீட்டு ஒயர் வேண்டவே வேண்டாம், எண்ணெயும் சூடும் அதன் தோலைத் தின்றுவிடும். என் வண்டியில் யாரோ அம்மீட்டர் பொருத்தி, மொத்தக் கரண்டையும் டேஷ்போர்டு வரை சுற்ற விட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைத்தேன். தகட்டைத் துளைத்துப் போகும் ஒயர் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

3. இந்தப் புது ஒயரில், போல்ட் போட்டு இறுக்கும் 50 ஆம்பியர் மிடி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஷார்ட் ஆனால் பெருங்கரண்ட் பேட்டரியிலிருந்துதான் வரும், அதனால் ஆல்டர்னேட்டர் பக்கம் வைத்தால் ஒயருக்குக் காவல் இல்லை. டேஷ்போர்டுக்குப் போகும் மெயின் ஒயருக்கும் அது தாங்குவதைவிடக் குறைந்த ஃபியூஸ் ஒன்று தனியாகப் போடுங்கள். ஒயர் நுனியில் மாட்டும் உலோக லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள். லக்கை ஒயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் நல்ல கிரிம்பிங் டூல் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது.

4. எர்த். என்னை விழவைத்தது இதுதான். மேலே சொன்ன எல்லாம் முடித்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன், காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. புது ஒயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்திருந்தது. கடைசியில் கை பட்டது டேஷ்போர்டிலிருந்து இன்ஜினின் கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளில். உறை உருகியிருந்தது.

இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். பேட்டரி மைனஸ் போவது பாடிக்கு. இரண்டையும் இணைக்கும் எர்த் பட்டை என் வண்டியில் இற்றுப்போயிருந்தது. ஆல்டர்னேட்டர் கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் மெல்லிய சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்னும் பல மடங்கு. ஃபியூஸ் போகவே இல்லை. ஏன் போகும்? பிளஸ் பக்கம் ஓடியது வழக்கமான அளவுதானே!

இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 25 சதுர மி.மீ. கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு இன்னொன்று. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளத்த பிறகு பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். கிரீஸ் இறுக்கிய பின்புதான்.

5. ஹெட்லைட் போட்டு இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் ஓட விட்டு மல்டிமீட்டர் வையுங்கள். ஆல்டர்னேட்டர் பிளஸுக்கும் பேட்டரி பிளஸுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்குள். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2க்குள். எனக்கு இந்த இரண்டாவது இடத்தில் 1.1 காட்டியது. முதல் நாளே பார்த்திருந்தால் சோக் கேபிள் பிழைத்திருக்கும்.

பிற்சேர்க்கை: சார்ஜிங் விளக்கை எல்இடியாக மாற்றியபின் சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் விழிக்கிறது, பழைய 2.2 வாட் பல்பையே போடுங்கள். இன்னொருவருக்கு ஃபியூஸ் நன்றாக இருக்க, அதன் ஹோல்டர் உருகிவிட்டது. நட்டு தளர்ந்திருக்கிறது. 500 கி.மீ. ஓடியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.