பச்சை திரும்பிய தொட்டி

என் சிறிய பட்டறையில் சர்க்யூட் பலகைகளின் செம்பை அரிக்கும் குப்ரிக் குளோரைடு கரைசல், பத்துப் பலகைகளுக்குள் கரும்பழுப்பாகிச் சோர்ந்துவிடும். ஆலைகள் சிலவற்றில் குளோரின் வாயுவைச் செலுத்தி அதை மீட்பார்கள். அந்த சிலிண்டரை வீட்டருகே வைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினேன். அளவு மீறியதும் தொட்டியிலிருந்தே குளோரின் நெடி கிளம்பித் தொண்டையை அறுத்தது.

பிறகு மீன்தொட்டிக் காற்றுப் பம்பை மாட்டினேன். செம்பை அரிக்கும்போது குப்ரிக் உப்பு, அரிக்கும் வலுவில்லாத குப்ரஸ் உப்பாகிவிடும்; குமிழிகளின் ஆக்சிஜன் அதை மறுபடியும் குப்ரிக்காக மாற்றிவிடுகிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாவதால், அதை மட்டும் அவ்வப்போது சேர்க்கிறேன். மறுநாள் காலை வெள்ளை ஓட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்: தெளிந்த பச்சை! வேகம் குறைவுதான், ஆனால் நெஞ்சு எரிவதில்லை. குமிழியோடு அமில ஆவியும் எழும். தொட்டியைத் திறந்த வெளியில் வையுங்கள். பெருகும் கரைசலைச் சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், செம்பு மீன்களைக் கொன்றுவிடும்.