வண்டியில் சின்கார்ஸ் ரேடியோவை வலைக்குள் கொண்டுவருவது

அமெரிக்கத் தரைப்படையின் சின்கார்ஸ் ரேடியோ 30 முதல் 87.975 மெகாஹெர்ட்ஸ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2,320 சேனல்களில் இயங்கும். தாவல் முறையில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அலைவரிசை மாறும். தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோக்களின் குழுதான் வலை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ரேடியோ அணைந்தே இருக்கட்டும். அப்போது எகிறும் மின்னழுத்தம் உள்ளே எதையாவது எரித்துவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் முதலில் மவுண்டின் (ரேடியோவைத் தாங்கும் சட்டத்தின்) சர்க்யூட் பிரேக்கரைப் போடுங்கள், பிறகு ரேடியோவை.

ஆண்டெனா அடித்தளம் வண்டியின் வெறும் உலோகத்தைத் தொட வேண்டும். நடுவில் பெயிண்டோ துருவோ இருந்தால் சுரண்டி எடுங்கள். பக்கத்து வண்டியோடு பேச முடிகிறது, தூரம் மட்டும் எட்டவில்லை என்றால் ரேடியோவைக் கழற்றாதீர்கள். ரேடியோவை ஆண்டெனாவோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிளின் கனெக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

அடுத்து தாவல் தரவு, குறியீட்டுச் சாவி (பேச்சை மறையாக்கும் சாவி), வலை எண், நேரம் ஆகியவற்றை ரேடியோவில் ஏற்றுங்கள். முதலில் ஒற்றைச் சேனலில் பேசிப் பாருங்கள். அது சரியாக இருந்து தாவலில் மட்டும் நிசப்தம் என்றால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். வலையின் நேரத்தோடு 4 நொடிக்குள் பொருந்த வேண்டும். 60 நொடி வரை விலகியிருந்தால், நேரம் பிசகிய ரேடியோவை வலையில் சேர்க்கும் தாமத நுழைவு முறை கைகொடுக்கும். அதற்கும் மேல் போனால் ஜிபிஎஸ் நேரத்தை மறுபடி ஏற்றுவதே வழி. மெயின் சப்ளையை நிறுத்தியதும் ஏற்றியதெல்லாம் அழிந்தால், நினைவகத்தைக் காக்கும் சிறிய பேட்டரி தீர்ந்திருக்கிறது.

ஒரே வண்டியில் இரண்டு ரேடியோ என்றால் ஒன்று பேசும்போது மற்றதன் காது அடைக்கும். ஆண்டெனாக்களைத் தள்ளி வையுங்கள், பவரைக் குறையுங்கள். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் கடைசி வழிதான். ரேடியோ இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கும் எதிரியின் கருவிக்கும் அது அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.